இரண்டு நூல் சாய்வு

கோயம்புத்தூர் சௌரிபாளையத்தில் அந்த வீட்டின் பின்புறம் முன்பு மாட்டுக் கொட்டகை இருந்ததாம். தீவனத் தொட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குள் தேய்ந்த பிரேக் டிஸ்க்குகள் அடுக்கிக் கிடக்கின்றன. மாடு கட்டிய இடத்தில் நான்கு இரும்புத் தாங்கிகள் மேல் ஒரு வெள்ளை மாருதி எஸ்டீம் நிற்கிறது.

"செருப்போடயே வாங்க. கீழ பிசிறு கெடக்குதுங்க, கால்ல ஏறிப்போடும்" என்றார் வீட்டுக்காரர். பகலில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறார். இரவு எட்டு மணிக்கு மேல் இந்தக் கொட்டகைக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை செட்டிபாளையத்தில் பந்தயம். நான் போனது திங்கள்.

பந்தயக் கார் என்றதும் ஃபெராரியை நினைத்துக்கொள்கிறோம். எஸ்டீமின் உற்பத்தி 2007-இல் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அலுவலகம் போகிறவர்கள் வாங்கிய குடும்ப வண்டி அது. ஆனால் எடை குறைவு. 1298 சிசி எஞ்சின், 16 வால்வு. கையால் பிரித்துக் கையாலேயே மூடலாம், கணினியைக் கேட்க வேண்டியதில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினால் பாகங்களும் அகப்படும். உள்ளே இருக்கைத் துணி, கதவு அட்டை, ஏ.சி. எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஓட்டுநருக்கு ஒரே ஒரு இருக்கை, அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு.

அவர் முதலில் காட்டியது எஞ்சினை அல்ல, ஒரு தூக்குக்குண்டை. கொத்தனார் சுவர் பார்ப்பாரே, அதே பித்தளைக் குண்டு. காரைத் தரையில் இறக்கி, முன்சக்கரத்தின் எதிரே நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு இடைவெளி என்று எஃகு ஸ்கேலால் அளந்தார். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையில் பதிய வேண்டும். அதற்காகச் சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். 13 அங்குல ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி.

"ரெண்டு நூல்" என்றார் மகனிடம். பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. நோட்டில் டிகிரியில் எழுதிக்கொண்டான். பிறகு காரின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டினார்கள். நரம்பிலிருந்து ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பும் பின் விளிம்பும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, சக்கரங்கள் நேராக நோக்குகின்றனவா என்று சரிசெய்தார்கள். அதற்கே ஒன்றரை மணி நேரம். இடையில் ஒருமுறை யாரோ நரம்பைத் தட்டிவிட, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் பொறுமை போயிற்று.

மேசைமேல் அடுத்த பருவத்துக்கான எஞ்சின் தலை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நான்கு எரியறைகளின் கொள்ளளவையும் மகன் அளந்துகொண்டிருந்தான். வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த அதே ப்யூரெட். வால்வை மூடி, பிளக்கை முறுக்கி, அறையின் வாயில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தட்டை ஒட்டி, துளை வழியே மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டான். கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறிய பிறகே அளவைப் படித்தான்.

எதற்கு இவ்வளவு பாடு? கணக்கைக் கேட்டால் புரிகிறது. 1298 சிசியை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 324.5. அழுத்த விகிதம் 10.5-க்கு 1 வேண்டுமானால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபிறகு மேலே மிஞ்சும் இடம் மொத்தம் 34 சிசியைச் சற்றே தாண்டலாம். அதில் 1 சிசி குறைந்தாலே அந்தச் சிலிண்டரின் விகிதம் 10.8-ஐ நெருங்கிவிடும். அது மட்டும் முதலில் தட்டத் தொடங்கும், அங்கேதான் பிஸ்டன் உடையும். மூன்றாவது அறை அரை சிசி குறைவாக இருந்தது. கிரைண்டரில் சிறு கல்லைப் பொருத்தி, தொட்டும் தொடாமலும் இரண்டு சுற்று தேய்த்தான். துடைத்தான். மறுபடி மண்ணெண்ணெய். இந்தப் பையனின் கல்லூரி ஆசிரியர்கள் ஒரு நாள் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. நூற்பாலையும் வார்ப்படமும் பம்ப்செட்டும் வளர்த்த லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர். லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேதான் உருவாக்கினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-இல் இறங்கிய நரேன் கார்த்திகேயன், தன் ஆரம்பப் பந்தயங்களை அந்த ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். 2003-இல் திறக்கப்பட்ட செட்டிபாளையம் பந்தய ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்.

செவ்வாய்க்கிழமை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிப் போனார். பஞ்சாலை இயந்திரத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் தனியாக நடத்துகிறார். எஸ்டீமின் சஸ்பென்ஷன் கீழ்க் கைகளுக்கு, ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகக் கடின நைலான் புஷ் கடைந்துகொண்டிருந்தார். ரப்பர் அமுங்கும். அமுங்கினால் நேற்று அளந்த இரண்டு நூல் வளைவில் மாறிவிடும். "அங்க தூக்குக்குண்டு வெச்சுப் பார்த்ததெல்லாம் இங்கதானுங்க நிக்கோணும்" என்றார் பெரியவர். அவர் பேச்சு 'தவ்'வில்தான் நடக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். மைக்ரோமீட்டரை வைப்பதற்கு முன்பே, "இன்னும் ஒண்ணரை தவ் எடுக்கோணும்" என்று விரலால் தடவிச் சொன்னார். வைத்துப் பார்த்தால் அதுவேதான். பந்தயம் முடிந்து படம் எடுக்கும்போது ஓட்டுநர் நிற்பார், கார் நிற்கும். இவரை நிறுத்தி யாரும் படம் எடுத்ததில்லை. அது சரியில்லை.

அப்போது ஒரு பையன் பளபளப்பான காரில் வந்து இறங்கினான். சக்கரம் வெளியே தள்ளித் தெரிய வேண்டுமாம், 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் கடைந்து தர முடியுமா என்றான்.

"இது ரேஸ் வண்டியா கண்ணு?"

"இல்லீங்க தாத்தா, ரோட்ல ஓட்றதுதான்."

"அப்ப முடியாது சாமி. சக்கரத்தை வெளிய தள்ளுனா பேரிங்கைத் தின்னுபோடும். ஸ்டட்டுல நட்டுக்குப் புடி இருக்காது. வீட்டுல நாலு பேரை ஏத்தீட்டுப் போவே நீ."

பையன் கூடுதல் காசு தருவதாகச் சொன்னான். பெரியவர் லேத்தைப் போட்டுவிட்டார். அதற்குமேல் பேச்சு இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி சாலையில் ஓடக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எஸ்டீமுக்கு இப்போது பதிவெண் இல்லை. ஓடுதளத்துக்கு லாரியில் ஏறித்தான் போகும். அவிநாசி சாலையில் நள்ளிரவில் சைலன்சரை அறுத்துவிட்டு அலறிக்கொண்டு போகிறவர்களையும் இவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வியாழன் இரவு முழுவதும் வேகத்துக்குத் துளியும் உதவாத வேலைகள். பழைய பிரேக் ஆயிலை ஒட்ட வடித்துப் புதிது நிரப்பினார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சு. இரண்டு வருடம் முன்பு, சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் பிரேக் ஹோஸ் டயரில் உரசுவதை இதே போன்ற ஓர் இரவில்தான் கண்டுபிடித்தார்களாம். "அன்னிக்குப் பார்க்காம உட்டிருந்தா..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர் மகனைப் பார்த்தார். முடிக்கவில்லை. ஓட்டப்போவது மகன்.

கூண்டின் முதன்மை வளைவு இழுத்துச் செய்த தையலற்ற குழாய், 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். அதன் ஒவ்வொரு பற்றவைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பிறகு நட்டுகள். டார்க் ரெஞ்சில் முறுக்கி, 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எண்ணிப் பார்த்தேன், 62 கோடுகள்.

சனிக்கிழமை மகன் ஒன்பதாவதாக வந்தான். ஞாயிறு இரண்டாவது பந்தயத்தில் ஏழாவது. மாலை லாரியில் ஏற்றுவதற்கு முன் தந்தை காருக்கு அடியில் படுத்து, டார்ச்சோடு ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். 62 கோடுகளும் நேராக இருந்தன.