அடுப்படிக்கு எட்டாத வெளிச்சம்

வீடொன்றிற்கு மின்கம்பி வந்து சேர்ந்ததும் அவ்வீடு இருளினின்று மீண்டுவிட்டதென நாம் கருதிக்கொள்கின்றோம். நானும் அவ்வாறே கருதியிருந்தேன். 2009 இல் போர் ஓய்ந்து, நாம் மீளக்குடியமர்ந்த சில ஆண்டுகளின் பின் எமது வன்னிக் கிராமத்திற்கு மின்சாரம் வந்தது. குப்பி விளக்கின் முன் எழுத்துக் கூட்டிய நான் மின்குமிழின் கீழமர்ந்து படித்தேன்; பல்கலைக்கழகமும் புகுந்தேன். ஆயின், அதே கூரையின் கீழ் அம்மா மூன்று கல் அடுப்பின் முன் குந்தியிருந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் கசக்கியதை நான் ஒரு பிரச்சினையாக எண்ணியதேயில்லை. அவரது இருமல் எமது வீட்டின் விடியற்காலை ஓசைகளுள் ஒன்றாகவே எனக்குப் பட்டது.

அண்ணா வேலைக்குச் சென்று முதன்முதல் வாங்கிய பொருள் எரிவாயு அடுப்பு. அம்மா அதனைத் துடைத்துத் துடைத்து வைத்த அழகை நான் மறத்தற்கில்லை. அவ்வசதி நெடுநாள் நிலைக்கவில்லை. 2021 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,500 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோகிராம் எரிவாயு 2022 இல் 4,860 ரூபாவாயிற்று; அவ்விலைக்கும் கிடைப்பது அரிதாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. வெற்றுச் சிலிண்டரைச் சாக்கினால் மூடி மூலையில் வைத்துவிட்டு, அம்மா மீண்டும் கற்களை அடுக்கினார்.

வீட்டினுள் எழும் புகையால் 2020 இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நூலகத்தில் அதனை வாசித்த அன்றுதான் அம்மாவின் இருமல் எனக்கு உண்மையில் கேட்டது.

2015 இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் ஏழாவது, 2030 அளவில் எல்லோர்க்கும் தாங்கத்தக்க விலையில் நம்பகமான சக்தி கிடைத்தல் வேண்டும் என்கிறது. 'நம்பகம்' என்ற சொல்லின் பொருளைச் சாக்கு மூடிய அச்சிலிண்டரே எனக்குக் கற்பித்தது. வந்த வசதி திரும்பிச் செல்லவுங் கூடும். அவ்வாறு செல்லுகையில் அதன் சுமை பெண்ணின் நுரையீரல்மேல் இறங்குகின்றது.

கடந்த விடுமுறையில் 'அனகி' அடுப்பொன்றை வாங்கிச் சென்றேன். எமது நாட்டுக் குயவர் வனையும் இம்மண்ணடுப்பு ஒரே தீயில் இரு பானைகளை ஏற்கும். முதல் வாயின் சுவாலை உள்வழியே இரண்டாம் வாயை அடைவதால், திறந்த அடுப்பின் பக்கங்களால் வீணாகும் வெப்பத்தில் ஒரு பகுதி பயன்படுகின்றது.

சில நாள்கள் சமைத்த பின் அம்மா சொன்னார்: "விறகு மிச்சம்தான் தம்பி. ஆனா கண் எரியிறது எரியிறதுதான்."

மறுநாட் காலை அடுப்பை நானே மூட்டினேன். உலை கொதிக்குமுன் இருமியபடி முற்றத்திற்கு ஓடிவந்தேன். அம்மாவோ முப்பது ஆண்டுகளாக அங்கு அமர்ந்திருக்கின்றார். காய்ந்த விறகும் புகைக்கூடும் சிறிது உதவலாம். எனினும், விலையேற்றத்தால் பறிபோகாத புகையற்ற அடுப்பே அவர்க்கு உரியது.

மின்னிணைப்புகளின் தொகையால் நாட்டின் முன்னேற்றத்தை அளக்கும் நண்பர்கள், ஒருமுறையேனும் தத்தம் வீட்டு அடுப்படியில் உலை கொதிக்கும் வரை அமர்ந்திருந்து பார்ப்பார்களாக.