சீவாளியை ஊறவைத்தவர்

அன்புள்ள சாத்தூர்க்காரர்களுக்கு,

புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரைக்குப் போனேன். 122-ஆம் தெருவில் பழைய அமெரிக்க அதிபர் கிராண்டின் கல்லறை மண்டபம் இருக்கிறது. கோடையில் அதன் வாசலில் புதன்தோறும் ஜாஸ் கச்சேரி. டிக்கெட் கிடையாது, அவரவர் மடக்கு நாற்காலியோடு வந்து உட்காருகிறார்கள்.

நடத்துவது ஜாஸ்மொபைல் என்ற அமைப்பு. பியானோக் கலைஞர் பில்லி டெய்லரும் டாப்னி ஆர்ன்ஸ்டீனும் 1964-இல் ஆரம்பித்தது. சக்கரம் வைத்த மேடையை ஹார்லெம் தெருக்களுக்கே கொண்டுபோனார்கள். ஜாஸ் மேதைகள் டியூக் எலிங்டனும் டிஸி கில்லஸ்பியும் அதில் வாசித்திருக்கிறார்கள். சாமி புறப்பாட்டில் மேளம் நம் வீட்டு வாசலுக்கு வருமே, அந்த மாதிரி. அதே 1964-இல்தான் நம் நாதஸ்வர மேதை காருகுறிச்சியார் மறைந்தார். கோவில்பட்டியில் அவர் சிலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வருஷம் மறக்காது.

கச்சேரிக்கு முன்னால் சாக்ஸபோன்காரர் சட்டைப்பையிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை எடுத்து வாயில் ஊறவைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிலிர்த்தது. நம் கோயில் நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பதப்படுத்தும் அதே நிற்பு, அதே மௌனம். அதுவும் நாணல், இதுவும் நாணல். கத்ரி கோபால்நாத் நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து சாக்ஸபோனுக்குப் போனதில் ஆச்சரியமே இல்லை. பாதிப் பாட்டில் டிரம்ஸ்காரரும் சாக்ஸபோன்காரரும் நாலு நாலு ஆவர்த்தமாக மாற்றி மாற்றி வாசித்தபோது, இரண்டு தவில் குறைப்பு வாசிப்பதுபோல் என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

இங்கே ஒலிபெருக்கிக்கு ஒரு சட்டம் உண்டு. போன மாதம் தெரு விருந்துக்காக நானே அலைந்ததால் மனப்பாடம். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க, ஐந்து நாளுக்கு முன்பே போலீஸ் நிலையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். முதல் நாளுக்கு 45 டாலர், அடுத்தடுத்த நாளுக்கு 5 டாலர். ஆஸ்பத்திரிக்கு 500 அடிக்குள் கூடாது. பள்ளிக்கூடமும் கோர்ட்டும் கோயில் வழிபாடும் நடக்கும் நேரத்தில் அந்த இடங்களின் 500 அடிக்குள்ளும் கூடாது. அலைந்தபோது எரிச்சலாக இருந்தது. புதன்கிழமை அந்த எரிச்சல் போய்விட்டது. வேறு ஒலிபெருக்கி எதுவும் குறுக்கிடாததால், பேஸ் தந்தியில் விரல் உரசும் சத்தம்கூட என் நாற்காலிக்கு வந்தது.

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த நல்ல நாதஸ்வர செட்டு. பெரியவர் கரகரப்பிரியா ராகத்தை விரித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பந்தலில் ஆளுயரப் பெட்டிகள் குத்துப்பாட்டுப் போட ஆரம்பித்தன. அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒருவரும் எழுந்து போய்ச் சொல்லவில்லை. நானும் போகவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மைக்கே இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்கிற வாத்தியம் நம்முடையது. உலகத்தில் எத்தனை ஊருக்கு அது வாய்த்திருக்கிறது?

பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. எண்பதுக்கு மேலிருக்கும். இளவயசிலிருந்து வருகிறாராம். அம்மா அனுப்பிய காராச்சேவை நீட்டினேன். பூண்டும் மிளகாயும் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கை கேட்டார். உங்கள் ஊரில் எதை ஊதுவார்கள் என்றார். காருகுறிச்சியாரின் ‘சிங்கார வேலனே’யைப் போனில் எடுத்தேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்; மேடையைக் காட்டி, முடியட்டும் என்றார். முடியும்வரை காத்திருந்தோம்.