சய பன்னிரண்டு

கனடாவுக்கு வந்து ஆறாவது வருஷம். ஒன்ராறியோவில் ஒரு முதியோர் இல்லத்தின் அவசர ஜெனரேற்றருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி அமைத்துக் கொடுத்தேன். வெளி வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போனால், எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீற்றர் இயங்கவேண்டும். யூலையில் சோதித்தபோது உணரி 234 என்று அனுப்பியது. பத்தால் வகுத்தால் 23.4, சரி. 50 என்று பொய்யாகக் கொடுத்துப் பார்த்தேன், ஹீற்றர் இயங்கியது. கையெழுத்திட்டேன்.

டிசம்பரில் ஒரு காலை, மாதச் சோதனையின்போது ஜெனரேற்றர் திணறிவிட்டு நின்றுவிட்டது. எஞ்சின் உறைந்து கிடந்தது. திரையில் வெளி வெப்பநிலை: 6541.6.

பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இந்தக் கருவிகள் தமக்குள் பேசுவது மொட்பஸ் என்ற நெறிமுறையில். மோடிகன் நிறுவனம் 1979இல் வெளியிட்டது. அதில் ஒரு றெஜிஸ்டருக்கு 16 பிற்றுகள். அவை எந்த வகை எண் என்பதை றெஜிஸ்டர் சொல்லாது. கைநூலைப் பார்த்து நாம்தான் தெரிவுசெய்யவேண்டும். குறியற்ற முழு எண் என்றால் 0 முதல் 65535 வரை. குறியுள்ளது என்றால் -32768 முதல் 32767 வரை. பூச்சியத்துக்கு மேலே 32767 வரை எதைத் தெரிவுசெய்தாலும் ஒரே விடைதான். கீழே போனால்தான் வித்தியாசம் தெரியும்: -120 என்பது 65416 ஆகிவிடும். நான் குறியற்றதைத் தெரிவுசெய்திருந்தேன். பத்துக்குக் கீழே இயங்கிய ஹீற்றர், உறைநிலை தாண்டியதும் கடும் வெயில் என்று நினைத்து அணைந்துவிட்டது.

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் வெப்பநிலைக்குக் குறி தேவைப்பட்டதில்லை. ஆறு குளிர்காலம் கண்டபிறகும் கை பழைய பழக்கத்தில் போயிருக்கிறது.

திருத்துவது அரை நிமிட வேலை. முந்தின இரவு மின்சாரம் போயிருந்தால், அந்த வயோதிபர்கள் என்ன செய்திருப்பார்கள்? மேற்பார்வையாளரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மற்ற இடங்களையும் பார்" என்றார். அந்தக் கோடையில் நான் அமைத்தவை இன்னும் மூன்று. இரண்டில் அதே பிழை.

இரவு அம்மா அழைத்தா.

"அங்க எவ்வளவு குளிர், தம்பி?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டோ? நுவரெலியாக் குளிர்தானே."

ஆறு வருஷமாக இப்படித்தான் சொல்லிவந்தேன். அவ கவலைப்படக்கூடாதென்று குறியை விட்டுவிடுவேன். அன்று திருத்தினேன்.

"இல்லையம்மா, சய பன்னிரண்டு."

கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகக் கேட்டா:

"காதை மூடிக்கொண்டே வேலைக்குப் போறனி?"