பிரேக் இன்ஸ்பெக்டர்

நம் ஜனங்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். சர்க்கார் காகிதங்களில் 'மோட்டார் வாகன ஆய்வாளர்' என்று காணப்படும் உத்தியோகஸ்தருக்கு, மதுரையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்கே போனாலும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். அவர் விளக்கைப் பார்க்கிறார், ஹாரனை அடித்துப் பார்க்கிறார், புகையைப் பார்க்கிறார், காகிதங்களையும் பார்க்கிறார். இருந்தாலும் அவரை விளக்கு இன்ஸ்பெக்டர் என்றோ, புகை இன்ஸ்பெக்டர் என்றோ யாரும் அழைக்கக் காணோம். ஒரு வண்டிக்கு எது பிரதானம் என்பதை ஜனங்கள் அந்த ஒரு பெயரிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பத்மினி இருக்கிறாள். பெண் அல்ல, கார். பம்பாயில் பிரீமியர் கம்பெனியார் பியட் 1100 என்ற இத்தாலிய ஜாதகத்தை வைத்துச் செய்துகொண்டிருந்த வண்டிக்கு 1974-இல் இந்த ராணியின் பெயரைச் சூட்டினார்கள். எங்களுடையது 1985-ஆம் வருஷத்து வண்டி. என் தகப்பனார் ஆசையோடு வாங்கியது. 1089 ஸி.ஸி. எஞ்சின், சுமார் 40 குதிரைச் சக்தி, ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே கியர். பம்பாயில் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸிக்கு 2023 அக்டோபரோடு ஆயுள் முடிந்தது. எங்களுடையவளோ ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று ஆயுளை நீட்டித்துக்கொண்டு வருகிறாள்.

என் மகனுக்குத் திருமங்கலத்தைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். ஷிப்டு முடிந்து நாலுவழிச் சாலையில் அவன் வீடு வந்து சேர இரவு பதினொன்றரை ஆகிவிடும். புதுக் கார் வாங்கிக் கொள்ளேன் என்றால், "தாத்தா வண்டி இருக்கும்போது எதுக்குப்பா?" என்கிறான். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுக் கார்கள் பத்மினியைத் துச்சமாக மதித்துத் தாண்டிப் போகும்போது அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷம் போனஸாக நாற்பதினாயிரம் ரூபாய் வந்ததும், வண்டிக்கு அடுத்து என்ன செய்வது என்று ஒரு ஜாபிதாவே தயார் செய்துவிட்டான்.

ஜாபிதாவில் முதலாவது, இரட்டை வாய்க் கார்புரேட்டர். இரண்டாவது, புகை தாராளமாக வெளியேற அகலமான குழாய். மூன்றாவது, ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவது. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிற ஜீவன்தான். உள்ளே அதிகக் காற்று போக வேண்டும். வெளியேயும் தடையில்லாமல் போக வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் மூக்கைத் திறந்து வாயை அடைத்த கதை. ஆகவே மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது அவன் வாதம். வாதத்தில் பிசகு இல்லை. என் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். "சித்திரை வெயில்ல உள்ளே உட்கார முடியலே. ஏ.ஸி. வைக்க வழியுண்டான்னு கேளுங்கோ" என்றாள். 40 குதிரைகளில் நாலைந்தை ஏ.ஸி.யே தின்றுவிடும் என்று மகன் அலறினான்.

சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். ஜாபிதாவைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "சார், ஓடுற வண்டியைப் பாத்து ஊர்ல எவனும் பயப்பட மாட்டான். நிக்காத வண்டியைப் பாத்தாத்தான் பயப்படுவான்" என்றார்.

அன்று இரவு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் நல்ல பிரேக்கு சுமார் 10 மீட்டரில் நிறுத்தும் என்று வைத்துக் கொள்ளுங்கள். 80-இல் அதற்கு 40 மீட்டர் வேண்டும். கண் பார்த்து, மனம் திடுக்கிட்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது அல்லவா? அந்த ஒரு வினாடியில் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். மொத்தம் 62 மீட்டர், இருநூறு அடிக்குமேல். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 170 அடி. அந்தக் கோபுரத்தை அப்படியே நாலுவழிச் சாலையில் படுக்க வைத்து, அதையும் தாண்டிப் போய்த்தான் வண்டி நிற்கும். அதுவும் பிரேக்கு நன்றாக இருந்தால்! நடு ராத்திரியில் ஆட்டு மந்தையோ, விளக்கில்லாத டிராக்டரோ கோபுர நீளத்துக்கு முன்னாலேயே தகவல் சொல்லி அனுப்பிவிட்டா குறுக்கே வருகிறது?

மகனிடம் கணக்கைக் காட்டினேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுடலாம்பா" என்றான். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்கு. டிரம்முக்குள்ளே உண்டாகும் உஷ்ணம் சீக்கிரம் வெளியேறுவதில்லை. கொடைக்கானல் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து, லைனிங் பிடிப்பை இழந்துவிடும். டிஸ்க்கோ காற்றுப்பட வெளியே சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! ஆர்.ஸி.யில் கண்ட விவரங்கள் கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கண்டிப்பாக எடுத்துச் சொல்லியிருக்கிறது.

"அப்போ ஒண்ணுமே செய்ய முடியாதா?" என்றான்.

செய்ய எவ்வளவோ இருக்கிறது. மோட்டார் தொழிலுக்கு மதுரை புதிய ஊர் அல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தம் கம்பெனியை ஆரம்பித்தது இங்கேதான். மாட்டு லாடத்திலிருந்து சாலையில் உதிர்ந்த ஆணிகள் பஸ் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அவர் முன்னால் ஓடவிட்டார் என்று பழைய மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸை இன்னும் வேகமாக விரட்டவில்லை. தடை வராமல் பார்த்துக்கொண்டார். நேரம் தானாகத் தவறாமல் வந்தது. பிரேக்குக்கென்றே 'பிரேக்ஸ் இந்தியா' என்று ஒரு கம்பெனி 1962-இல் ஏற்பட்டபோது, அதிலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது.

மெக்கானிக் புது ஜாபிதா எழுதித் தந்தார். டிரம்களை லேத்தில் கொடுத்துச் சமன் செய்வது, புது லைனிங், வீல் சிலிண்டர்களும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றுவது, பிரேக் குழாய்களும் எண்ணெயும் புதிது, நாலு டயர், ஷாக் அப்சார்பர். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இந்தக் காலத்துப் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது என்பதால் பெட்ரோல் குழாய்களும் கடைசியில் சேர்ந்தன. குதிரைச் சக்தி ஒன்றுகூடக் கூடவில்லை. போனஸ் பணம் முழுவதும் தீர்ந்துவிட்டது.

மகனுக்கு முதலில் முகம் சுண்டித்தான் இருந்தது. வண்டி வந்த அன்று நாகமலைப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், "ஒரு பக்கம் இழுக்காம நேரா நிக்குதுப்பா" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம், இரட்டை வாய்க் கார்புரேட்டர் கொடுத்திருக்கக்கூடியதற்குக் குறைந்ததல்ல. ஏ.ஸி. விவகாரம் அடுத்த போனஸுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இரவு பதினொன்றரை மணிக்கு நானும் என் மனைவியும் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டு படுத்திருப்போம். பத்மினி தெருமுனையில் திரும்புவது கேட்கும். எஞ்சின் எவ்வளவு கம்பீரமாக உறுமினாலும் எங்களுக்குத் தூக்கம் வராது. அது வாசலில் வந்து நின்று, சத்தம் ஓய்ந்த பிறகுதான் வரும்.