சஸ்பீரியாவின் சிவப்பு

ஒரே படம், மூன்று வட்டுகள், மூன்று விதமான சிவப்பு. இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ எடுத்து 1977இல் வெளிவந்த ‘சஸ்பீரியா’வை நான் முதலில் பார்த்த டிவிடியில் நடனப் பள்ளியின் முகப்புச் சுவர் காவியேறிய செங்கல் நிறத்தில் இருந்தது. பிறகு கைக்கு வந்த புளூரேயில் அதே சுவர் கண் கூசும்படி எரிந்தது. கதாநாயகி ஜெசிக்கா ஹார்ப்பரின் முகத்தில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டாக வெளிறிக் கிடந்தது. 2017இல் வெளிவந்த மீட்டெடுப்பிலோ சிவப்பு இருண்டு ஆழ்ந்திருந்தது. சுவரின் சொரசொரப்புகூடத் தெரிந்தது. 1977இல் ரோம் நகரத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர் கண்ட சிவப்பு இவற்றில் எது? இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

வேறொரு படமாக இருந்தால் இதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். சஸ்பீரியாவின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஒரு நடனப் பள்ளி, அங்கே படிக்க வரும் அமெரிக்கப் பெண், பள்ளியை நடத்தும் சூனியக்காரிகள். பயத்தைக் கொண்டுவருவது கதையைவிட நிறம்தான். ஓர் இரவு மாணவிகள் எல்லாரும் பயிற்சிக் கூடத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். விளக்குகள் அணைகின்றன. இருட்டு வர வேண்டிய இடத்தில் சிவப்பு வந்து நிறைகிறது. சுற்றிலும் கட்டிய வெள்ளைத் துணிக்கு அப்பாலிருந்து யாரோ குறட்டை விடும் ஓசை. அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று படம் சொல்வதே இல்லை. அது சற்று வெளுத்தாலும் அங்கே மிஞ்சுவது சில பெண்கள் படுத்துறங்கும் ஒரு கூடம் மட்டுமே.

தேடத் தொடங்கியதும் கிடைத்த முதல் துப்பு டிஸ்னி. 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் டெக்னிகலர் நிறங்களைத்தான் அர்ஜெந்தோ முன்மாதிரியாகக் கொண்டார். அதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதிலிருந்து ஒரு கதையும் கிளம்பி ரசிகர்களிடையே பரவிவிட்டது. மூன்று பிலிம் சுருள்கள் ஒன்றாக ஓடும் பழைய டெக்னிகலர் கேமராவைத் தூசி தட்டி எடுத்துத்தான் இந்தப் படத்தை எடுத்தார்கள் என்பது அந்தக் கதை. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அப்படி நடக்கவில்லை. அந்தக் கேமராக்கள் 1950களின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிட்டன. சஸ்பீரியா பதிவானது அன்று எல்லாரும் பயன்படுத்திய ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவில்தான்.

அப்படியானால் ஒளிப்பதிவாளரைத்தான் பார்க்க வேண்டும். லூச்சானோ தோவோலி அதற்குச் சற்று முன்புதான் அந்தோனியோனியின் ‘தி பாஸஞ்சர்’ (1975) படத்தை முடித்திருந்தார். அதன் கடைசியில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி வெளியே நகரும் அந்த நீண்ட ஒற்றை ஷாட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இயல்பான வெளிச்சத்தை அத்தனை நுட்பமாகக் கையாண்ட ஒருவரை இப்படியொரு பேய்க்கதைக்கு அழைத்தது அர்ஜெந்தோவின் துணிச்சல். தோவோலி பெரிய ஆர்க் விளக்குகளை வைத்தார். அவற்றின் முன்னே, வழக்கமான வண்ண ஜெலட்டின் தாள்களுக்குப் பதிலாக, சட்டங்களில் இழுத்துக் கட்டிய வண்ண வெல்வெட் துணிகளை நிறுத்தினார். நடிகர்களின் முகத்துக்கு மிக அருகிலேயே அவை நின்றன. நிறம் முகத்தில் பூச்சுப்போல ஏறியது இதனால்தான்.

இதுவும் பாதிப் பதில்தான். மீதி ரோமிலிருந்த டெக்னிகலர் லேபில் இருந்தது.

அங்கே பிரிண்ட் போடும் முறையே வேறு. நெகட்டிவில் உள்ள பிம்பத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து மூன்று மேட்ரிக்ஸ் சுருள்கள் எடுப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஜெலட்டின் படலம் பிம்பத்துக்கேற்ப மேடும் பள்ளமுமாக நிற்கும். அதைச் சாயத்தில் தோய்த்து, வெற்றுப் பிலிமோடு இம்மி பிசகாமல் சேர்த்து அழுத்துவார்கள். சாயம் பிலிமில் இறங்கும். மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று முறை. சிவகாசியில் நிறத்துக்கொரு தகடாக அடித்து நாள்காட்டி முருகனைக் கொண்டுவருவதைப் போன்ற வேலை. ஒவ்வொரு நிறத்தையும் தனியே கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதால் தோவோலி விரும்பிய அழுத்தம் இங்கே கைகூடியது. ஹாலிவுட்டில் இந்த முறை 1970களின் நடுவிலேயே கைவிடப்பட்டது. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம்தான் அங்கே இப்படி அச்சான கடைசிப் பெரிய படங்களில் ஒன்று. ரோமில் இன்னும் சில காலம் நீடித்தது. அந்தக் கடைசி ஆண்டுகளில் வெளிவந்த படம் சஸ்பீரியா.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மூன்று வட்டுகளின் புதிர் அவிழ்ந்தது. வட்டு தயாரிப்பவர்கள் ஸ்கேன் செய்வது நெகட்டிவை. நான் தேடிய சிவப்போ நெகட்டிவில் முழுதாக இல்லை, அச்சில்தான் அது பிறந்தது. நெகட்டிவ் கொடுப்பது மூலப்பொருளை மட்டும். கணினித் திரைக்கு முன் உட்காருபவர் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பைப் புதிதாக உண்டாக்கியாக வேண்டும். ஒருவர் அடக்கி வாசித்தார், இன்னொருவர் கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டார்.

இத்தாலியப் படங்களின் குரலும் இப்படித்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சஸ்பீரியாவில் ஹார்ப்பர் ஆங்கிலம் பேசி நடித்தார், வேறு சிலர் தங்கள் தங்கள் மொழியில் பேசினார்கள், பிறகு எல்லாமே டப்பிங் அறையில் சேர்ந்தன. இயக்குநர் ஃபெல்லினி நடிகர்களை வெறும் எண்களைச் சொல்ல வைத்துப் படம் பிடித்ததும் உண்டு. துனிசில் பிரெஞ்சு பேசி வளர்ந்த நடிகை கிளாடியா கார்டினாலேயின் சொந்தக் குரலை இத்தாலியர்கள் முதன்முதலில் ஃபெல்லினியின் ‘எட்டரை’யில் (1963) கேட்டார்கள், அதுவரை அவருக்கு வேறொருவர் பேசினார். படப்பிடிப்பு முடிந்த பிறகே படம் உருவாகத் தொடங்கும் சினிமா இது. அதனால்தான் இத்தாலியப் படங்களின் மூலப் பிரதியைத் தேடுபவர் படப்பிடிப்புத் தளத்தோடு நின்றுவிடக் கூடாது, லேப் வரையும் டப்பிங் அறை வரையும் போக வேண்டும் என்கிறேன்.

2017ஆம் ஆண்டின் மீட்டெடுப்பை அமெரிக்காவின் சினாப்ஸ் நிறுவனத்துக்காக டான் மே ஜூனியர் செய்தார். அசல் நெகட்டிவை 4கே அளவில் ஸ்கேன் செய்து, தோவோலியையே மேற்பார்வைக்கு அழைத்தார்கள். தோவோலி அப்போது எண்பதைக் கடந்திருந்தார். நாற்பதாண்டுப் பழைய நிறத்தை ஒரு மனிதரின் நினைவை நம்பித் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே இன்னொரு சாட்சியும் உண்டு. அக்கால ஈஸ்ட்மன் பிரிண்டுகள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். சாயம் இறக்கிய டெக்னிகலர் பிரிண்ட் எளிதில் மங்குவதில்லை. 1977இல் அச்சான அத்தகைய பிரிண்ட் ஒன்று இன்று கிடைத்தால், அன்றைய சிவப்பை ஏறக்குறைய அப்படியே காட்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மூன்றாவது வட்டைத் திரும்பப் போட்டபோது என் கண்ணில் பட்டது பச்சையும் நீலமும். தொடக்கத்தில் மியூனிக் விமான நிலையத்திலிருந்து கொட்டும் மழையில் கிளம்பும் டாக்சிக்குள், ஹார்ப்பரின் முகத்தில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. புளூரேயில் அவை ஒன்றையொன்று விழுங்கின. இதில் ஒவ்வொன்றும் தனியே வந்து, தனியே விலகுகிறது. சிவப்புக்கு அந்த ஆழம் வர அருகில் ஒரு சுத்தமான பச்சை தேவைப்படுகிறது. என் ஓட்டு இந்த வட்டுக்கே.

இப்போது செர்ஜியோ லியோனேயிடம் வந்திருக்கிறேன். ‘தி குட், த பேட் அண்ட் தி அக்லி’யின் (1966) 2014ஆம் ஆண்டு மீட்டெடுப்பு முழுக்க மஞ்சள் பூசியதுபோல் இருப்பதாக ரசிகர்கள் கொதித்தார்கள், அடுத்து வந்த வட்டில் அதைக் குறைத்தார்கள். அந்தப் படம் டெக்னிஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. வழக்கமான நான்கு துளைகளுக்குப் பதில் இரண்டே துளை உயரத்தில் ஒரு ஃபிரேம் என்று பாதிப் பிலிமை மிச்சப்படுத்தும் அந்த முறையை உருவாக்கியதும் டெக்னிகலரின் ரோம் லேப்தான். பிரிண்டுக்கு உயிர் கொடுத்தது அங்கேயும் சாயம் இறக்கும் அச்சுதான். ஸ்பெயினின் அல்மேரியா பாலைவனம் 1966இன் பிரிண்டில் எவ்வளவு மஞ்சளாக இருந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.