டாம்கேட் பறந்த காலம்

விடியற்காலை. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் முழுக்க நீராவி. மஞ்சள் சட்டைக்காரர் கைகாட்ட, எஃப்-14 டாம்கேட் மெல்ல ஊர்ந்து வருகிறது. அதன் முன்சக்கரத்தை ஏவுபொறியில் மாட்டுவது பச்சைச் சட்டைக்காரர்களின் வேலை. ஊதாச் சட்டை போட்டவர்கள் எரிபொருள் நிரப்புகிறவர்கள். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். இசையமைப்பாளர் ஹரால்ட் ஃபால்டர்மேயரின் மணியோசை நிதானமாக ஒலித்துக்கொண்டிருக்க, விமானம் சீறிக் கிளம்பும்போது கென்னி லாகின்ஸின் 'டேஞ்சர் ஸோன்' பாட்டு வெடிக்கும். 1986இல் வந்த 'டாப் கன்' படத்தின் இந்த முதல் சில நிமிடங்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நாங்கள் அதைப் பார்த்தது வாடகை டெக்கில். சித்தப்பா பர்மா பஜாரிலிருந்து கேசட் வாங்கி வந்திருந்தார். திரையில் கோடு கோடாக ஓடும். வானத்தின் நீலம் வெளிறிப்போயிருக்கும். வசனம் பாதி புரியாது. ஆனால் டாம் குரூஸ் மோட்டார் பைக்கில் ஓடுபாதையோரம் விமானத்தோடு போட்டி போட்டுப் பறந்தபோது, கூடம் நிறைய உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூச்சுவிட மறந்தோம். அடுத்த சில மாதங்களுக்கு எங்கள் தெரு அண்ணன்மார் எல்லோர் முகத்திலும் ஏவியேட்டர் கூலிங் கிளாஸ். அமெரிக்காவிலும் இதே பித்துதான். ரே-பான் கண்ணாடியும் தோல் ஜாக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. தியேட்டர் வாசலிலேயே கடற்படை ஆள்சேர்ப்பு மேஜை போட்டது. அந்த ஆண்டு அங்கே அதிக வசூல் செய்த படமும் அதுதான். 'டேக் மை பிரெத் அவே' பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

படத்தில் வரும் போர்விமானிகள் பள்ளி நிஜமானது. வியட்நாம் போரில் ஏவுகணையை நம்பி, நேருக்கு நேர் வான்சண்டை போடும் வித்தையை மறந்துவிட்டோம் என்று உணர்ந்த அமெரிக்கக் கடற்படை, 1969இல் சான் டியாகோவை அடுத்த மிராமரில் அதைத் தொடங்கியது. 1983இல் 'கலிபோர்னியா' பத்திரிகையில் எஹுத் யோனாய் அந்தப் பள்ளியைப் பற்றி எழுதிய கட்டுரைதான் படத்துக்கு வித்து.

அந்தப் பள்ளி இப்போது மிராமரில் இல்லை. 1996இல் அது நெவாடா பாலைவனத்திலுள்ள ஃபாலனுக்குப் போய்விட்டது. இறக்கையை விரித்தும் மடக்கியும் பறந்த டாம்கேட்டுக்கு அமெரிக்கக் கடற்படை 2006இல் ஓய்வு கொடுத்தது. மன்னர் ஷா காலத்தில் அதே விமானத்தை வாங்கிய ஈரானுக்கு உதிரிபாகம் போய்விடக்கூடாதென்று பலவற்றை அரைத்துத் தூளாக்கினார்கள் என்று படித்தபோது வயிறு பிசைந்தது. அந்தக் காலை வெளிச்சத்தை அவ்வளவு அழகாகப் படம்பிடித்த இயக்குநர் டோனி ஸ்காட் 2012இல் மறைந்தார். படத்தில் ஐஸ்மேனாக மிடுக்கோடு நின்ற வால் கில்மர், தொண்டைப் புற்றுநோயால் குரல் சிதைந்த பிறகும் 2022இல் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்தில் ஒரு காட்சிக்கு வந்தார். சொல்ல வேண்டியதைக் கணினியில் தட்டச்சு செய்துவிட்டு, கடைசியில் எழுந்து கரகரத்த குரலில் சில வார்த்தை பேசினார். தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். 2025 ஏப்ரலில் அவரும் போய்விட்டார்.

சிறுவயதில் எனக்கு டாம் குரூஸ் நடித்த மேவரிக்தான் எல்லாம். இப்போது மனசு அவனுடைய பின்சீட்டு நண்பன் கூஸ் பக்கம் போகிறது. விமானம் பம்பரமாய்ச் சுழன்று கீழே விழ, அவன் சாகும் காட்சி. அந்தச் சுழற்சியைப் படமெடுக்கத்தான் ஆர்ட் ஷோல் என்ற சாகச விமானி, 1985 செப்டம்பரில் தன் சிறிய பிட்ஸ் விமானத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சுழன்ற விமானம் நிமிரவே இல்லை. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் விழுந்தது. அவர் உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. படத்தை அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்கள். டெக் காலத்தில் அது எங்களுக்குத் தெரியாது. கதை முடிந்ததும், "டேய், ரீவைண்ட் பண்ணுடா, அடுத்த கேசட்டைப் போடணும்" என்று சித்தப்பா அவசரப்படுத்துவார். எழுத்து ஓடும் பகுதியை யாரும் பார்த்ததில்லை.

இப்போது வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சண்டையை ரசியுங்கள், பாட்டை ரசியுங்கள், ஆனால் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடைசியில் ஆர்ட் ஷோல் என்று ஒரு பெயர் வரும், அதையும் படித்துவிட்டுப் போங்கள்.