ஃபார்மட் வேண்டாம், தம்பி

திருக்கனூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "ஃபார்மட் அடிச்சிடுக்கா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஃபார்மட் அடிக்கவில்லை. புதுசு வாங்க நீ பணம் அனுப்பவும் வேண்டாம். உன் மாமியார் வீட்டில் இருப்பதும் இதே வயசுப் பெட்டிதான் என்பதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் குரோமைத் திறந்தால் பேங்க் பக்கம் வராது, மெயில் வராது. 'யுவர் க்ளாக் ஈஸ் பிஹைண்ட்' என்று நிற்கும். அதே வைஃபையில் என் போனில் எல்லாம் ஓடும். எனவே இன்டர்நெட்டைத் திட்டவும் வழியில்லை. மாமா மூலையில் இருக்கும் தேதியைச் சரிசெய்வார், ராத்திரி வரைக்கும் ஒழுங்காக ஓடும். மறுநாள் காலையில் பழையபடி 2010 ஜனவரி 1.

கொலு ஆர்டர் நெருக்கடியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காகிதக்கூழ் அரைப்பதும் அச்சில் போடுவதும் வெயிலில் காயவைப்பதுமாக வீடு கிடந்த கிடையில் யாருக்கு நேரம்? பிறகு மயிலாப்பூர் கடைக்காரர் பில்லைத் திருப்பி அனுப்பினார். எக்செல்லில் அன்றைய தேதி தானாக விழும்படி நீதானே போட்டுக் கொடுத்தாய்? பில்லின் தலையில் 'புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள்' என்று பெருமையாக இருக்கிறது, கீழே தேதி 2010. அவருடைய கணக்குப்பிள்ளை இதை எந்த வருஷத்தில் வரவு வைப்பார்?

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துக்கண்ணு வழி பஸ்ஸில் பாண்டிக்குப் போனார். ஒரு கடையில் வைரஸ் என்றார்கள். அடுத்த கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்றுவதற்குப் பதில் புதுசே வாங்கிவிடலாம் என்றார்கள். அன்று ராத்திரிதான் நீ ஃபார்மட் என்றாய்.

குரோம் காட்டுவதற்கு முன்னாலேயே பெட்டி இன்னொன்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'சிமாஸ் டேட் / டைம் நாட் செட்', அதன்கீழே எஃப்1 அழுத்தச் சொல்லி ஒரு வரி. மாமா அதைப் படித்ததே இல்லை. வரும், எஃப்1 தட்டுவார், போய்விடும். நான் ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று படித்தேன்.

நான் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனது உனக்கு நினைவிருக்குமா? அங்கே ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டாஸ் முதலில் தேதி கேட்கும், 1980 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டு. நாங்கள் தேதியைக் கொடுத்த பிறகுதான் பாடம். ஐபிஎம் 1981-ல் விட்ட முதல் பிசியில் தேதியைக் காப்பாற்றி வைக்கப் பாட்டரி கிடையாது. 1984-ல் வந்த ஏடி மாடலில்தான் பாட்டரியோடு கடிகாரம் சேர்ந்தது. இன்றைய மதர்போர்டிலும் அந்த ஏற்பாடுதான் தொடர்கிறது. ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, அப்பா கட்டிய டைட்டன் வாட்ச்சில் இருந்த அதே கணக்கு. அதற்குச் சோறு போடுவது ஒரு காசு அளவு பாட்டரி.

ஆனால் சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை அந்தப் பாட்டரிக்கு வேலையே இல்லை. ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், கடிகாரம் அதில் ஓடும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஆடி ஆவணியில் சாயங்காலம் மேற்கே இருட்டினால் மாமா முதலில் ஓடுவது ஸ்விட்ச் போர்டுக்குத்தான். இடி இல்லாத நாளிலும் படுக்கப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். அப்பாவிடமிருந்து கற்றது. ராத்திரி முழுக்க கடிகாரத்தின் பாரம் பாட்டரி மேல்.

சோதித்துப் பார்த்தேன். வானம் தெளிவாக இருந்த ஒருநாள், தேதியைச் சரிசெய்து ஷட்டவுன் பண்ணி, சுவர் ஸ்விட்சை மட்டும் அணைக்கக் கூடாது என்று மாமாவிடம் சண்டை போட்டேன். காலையில் கறுப்புத் திரை வரவில்லை, குரோமும் முரண்டு பிடிக்கவில்லை. வைரஸ் என்றால் ஸ்விட்சுக்கு மரியாதை கொடுக்குமா?

வயரிங் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பையன் மல்டிமீட்டரோடு வந்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் உள்ளே நம் தொழிலின் தூசி அத்தனையும் இருக்கிறது. சுண்ணாம்புப் பொடி, பெயின்ட் துகள், ஒரு பிள்ளையாரின் உடைந்த காது. பிரஷ்ஷால் தள்ளிய பிறகுதான் பாட்டரியே தெரிந்தது. ஓரத்தில் இருந்த சின்ன கிளிப்பை நகத்தால் தள்ளினதும் துள்ளி எழுந்தது. மீட்டரில் 1.4 வோல்ட். இருக்க வேண்டியது 3. மேலேயே சிஆர்2032 என்று எழுதியிருக்கிறது, அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடையில் முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி வைத்து, செட்அப்புக்குள் போய்த் தேதியும் மணியும் கொடுத்துச் சேமித்ததோடு சரி.

விண்டோஸ் தானாகவே இன்டர்நெட்டில் மணி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பாய். கொஞ்சம் முன்பின் என்றால் பார்த்துக்கொள்ளும். வீட்டுக் கம்ப்யூட்டரில் வழக்கமாக இருக்கும் அமைப்பில், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அந்தச் சேவை திருத்தாமல் விட்டுவிடும். நம்முடையது பதினைந்து வருஷம்.

குரோம் ஏன் அடம் பிடித்தது என்பதையும் சொல்கிறேன், உனக்கு இதில்தான் என்மேல் கோபம். பேங்க் தளம் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டும், அதில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று இருக்கும். இந்த வருஷத்துப் பஸ் பாஸைக் காட்டினால், பதினைந்து வருஷம் முன்னால் நிற்கும் கண்டக்டர் எப்படி ஒத்துக்கொள்வார்? 2020 செப்டம்பரில் இந்தச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 398 நாளாக்கினார்கள். அதையும் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாளாக்கப் போகிறார்களாம். அப்போது இரண்டு மாதம் பின்தங்கிய கடிகாரம்கூட வம்புதான்.

'அட்வான்ஸ்டு' போய் 'ப்ரொசீடு' கொடு என்றாயே, அதை நான் செய்யவில்லை. கடிகாரம் கெட்டாலும் எச்சரிக்கைத் திரைதான் வரும், எவனாவது போலிப் பக்கத்தை நடுவில் நுழைத்தாலும் எச்சரிக்கைத் திரைதான் வரும். தினம் ஒருமுறை தாண்டிப் பழகினால் நிஜமான நாளில் நின்று பார்ப்பேனா? மாமா எஃப்1 தட்டின மாதிரி நானும் தட்டிவிட்டுப் போவேன். பேங்க் பாஸ்வேர்டு போடுகிற இடத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

உன் மாமியாரிடம் சொல்லி, ஆன் செய்ததும் முதலில் என்ன வருகிறது என்று போனில் படம் எடுத்து அனுப்பச் சொல். பாட்டரி மாற்றினால் பழையதைத் தரையில் போட்டுவிட வேண்டாம். சின்னவன் கண்டதை வாயில் வைக்கிற வயசு. இது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எங்கள் பழையதை டேப் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், இதற்குப் பாட்டரி உதவாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு முடிகிறது. இந்தப் பெட்டியில் 11 ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது. லினக்ஸ் போடலாமா, நீ வரும்வரை இப்படியே ஓட்டலாமா என்று யோசித்து எழுது. தமிழில் டைப் அடிக்க வரவேண்டும், எங்கள் பிரின்டரோடு ஒத்துப்போக வேண்டும், அது போதும்.

தசாவதார செட் ஒன்று உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கொலுப்படி எத்தனை அடி அகலம் என்று உன் வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல், அதற்குத் தகுந்த அளவில் பார்சல் கட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா